கார்த்திகை மழை விட்ட நாளில் காருக்கு பிபிஎஃப் ஒட்டியது எப்படி

நீடாமங்கலத்தில் வீடு, நாகப்பட்டினத்தில் வேலை. வாரத்தில் ஐந்து நாள் காரிலேயே போய் வருகிறேன். சிவப்பு நிறச் சின்னக் கார். கடன் முடிய இன்னும் இரண்டு வருடம் இருக்கிறது. வாங்கி ஒரு வருடம் ஆவதற்குள் பானெட்டின் முன் விளிம்பில் வெள்ளைப் புள்ளிகள் தெரிய ஆரம்பித்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எண்ணினேன், 43 இருந்தன. ஒவ்வொன்றும் கடுகளவுதான். ஆனால் நாகப்பட்டினத்து உப்புக் காற்றில் நாள் முழுக்க நிற்கிற காருக்குக் கடுகளவு போதும், துரு உள்ளே போக.

இந்தச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் புள்ளிகள் எப்படி வந்தன என்று சொல்ல வேண்டியதில்லை. ஜல்லி ஏற்றிய டிப்பர்கள். கொள்முதல் நிலையத்திலிருந்து நெல் மூட்டை ஏற்றிக்கொண்டு வரிசையாகப் போகும் லாரிகள். பங்குனி வாக்கில் சாலை நடுவே பரப்பி வைத்திருக்கும் உளுந்துச் செடி. அதன் மேல் ஏறிப் போனால் காய்ந்த தண்டு கதவின் அடிப்பக்கத்தைக் கீறிக்கொண்டே வரும். ஐப்பசி இரவுகளில் வயல் நடுவே ஓட்டினால் பூச்சிகள் முகப்பில் அப்பிக்கொள்ளும், மறுநாள் வெயிலுக்கு முன் கழுவாவிட்டால் பெயின்ட்டில் தடம் விழும். இத்தனையையும் தாங்குவதற்குத்தான் பிபிஎஃப், அதாவது பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம்.

இது கண்ணாடி போலத் தெளிவான பாலியூரித்தேன் தாள். ஹெலிகாப்டர் இறக்கைகளை மணல் அரிக்காமல் காக்க ஒட்டிய நாடாவிலிருந்து காருக்கு வந்தது. இப்போது கிடைப்பவை பெரும்பாலும் 150 முதல் 200 மைக்ரான் தடிமன். அடியில் பசை, நடுவில் டிபியூ என்கிற பாலியூரித்தேன், மேலே மெல்லிய பூச்சு. அந்த மேல்பூச்சில் விழும் மெல்லிய கீறல் வெயில் சூட்டிலோ வெந்நீரிலோ தானாகவே மறையும். கல் பட்டால் தாள் அமுங்கிக்கொடுத்து அடியை வாங்கிக்கொள்ளும். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெளிவை இது தடுக்காது. தென்னைமரத்தடியில் நிறுத்துகிறவர்கள் இடத்தை மாற்றுவதுதான் வழி.

முழுக் காருக்கும் வீட்டிலேயே ஒட்ட வேண்டாம் என்பது என் உறுதியான அபிப்பிராயம். கல் அடிக்கிற இடங்கள் சில, கை படுகிற இடங்கள் சில. அவற்றுக்கு மட்டும் ஒட்டினாலே பெரும்பகுதிப் பயன் கிடைத்துவிடும். நான் ஒட்டிய வரிசை இது: முதலில் நான்கு கதவுக் கைப்பிடிகளின் பின்னே உள்ள குழி, அடுத்து கதவு விளிம்புகள், டிக்கியில் சாமான் ஏற்றும் விளிம்பு, சக்கரத்துக்குப் பின்னே கதவின் அடிப்பகுதி, கடைசியில் பானெட். முன் பம்பரைத் திருச்சியில் ஒரு கடையில் கொடுத்து ஒட்டிக்கொண்டேன். பம்பரில் எல்லாப் பக்கமும் வளைவு, துளை, மடிப்பு. முதல் தடவை ஒட்டுகிறவர் அதில் கை வைத்தால் தாளும் போகும், மனமும் விட்டுப் போகும்.

தாள் வாங்குவதில் ஒரு தடவை ஏமாந்தேன். இணையத்தில் விலை மலிவாக இருந்ததை நம்பி வாங்கிக் கைப்பிடிக் குழிகளில் ஒட்டினேன். ஆறே மாதத்தில் பழைய சாம்பார் வாளி மூடி போல மஞ்சளாகிவிட்டது. அது பிவிசி. பிவிசி தாளையும் பிபிஎஃப் என்றே விற்கிறார்கள், டிபிஹெச் என்று பெயர் போட்டு வருவதும் பிவிசி வகைதான். வாங்குவதற்கு முன் ஒரு விரற்கடை துண்டு கேட்டு வாங்கி இழுத்துப் பாருங்கள். டிபியூ ரப்பர் போல நீண்டு, விட்டதும் மெல்லத் திரும்பி வரும். பிவிசி விறைப்பாக இழுபடும், இழுத்தது இழுத்தபடி நிற்கும், பிளாஸ்டிக் வாடையும் அடிக்கும். நம் நாட்டிலேயே கார்வாரே நிறுவனம் மகாராஷ்டிராவில் டிபியூ தாள் தயாரிக்கிறது; வெளிநாட்டு நிறுவனங்களின் தாளும் கிடைக்கிறது. சுருள் வழக்கமாக 152 சென்டிமீட்டர் அகலம். சின்னக் காரின் பானெட் அதில் ஒரே துண்டாக அடங்கிவிடும். நான் 3 மீட்டர் வாங்கினேன்: பானெட்டுக்கு ஒன்று, கெட்டுப்போனால் இன்னொன்று, மீதியில் மற்ற இடங்கள். பல நிறுவனங்களின் வாரன்ட்டி, அவர்களுடைய ஆள் ஒட்டினால்தான் செல்லும். அதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாதத்தில் ஒட்டுவது என்பதுதான் இங்கே நம் கையில் இருக்கிற பெரிய விஷயம். முதல் தடவை பானெட்டுக்குத் தை மாதக் கடைசியில் ஒட்டினேன். காலையில் குளிர்ச்சி, வெயில் தாழ்வு, நல்ல நேரம் என்று நினைத்தேன். சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தது. அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பெல்ட் அறுவடை மிஷின் வயலில் இறங்கியதை நான் பொருட்படுத்தவில்லை. தாளை விரித்த பத்து நிமிடத்தில் நெல் தூசும் வைக்கோல் துணுக்கும் பசையில் வந்து உட்கார்ந்தன. அப்படி உட்கார்ந்ததை எடுக்க முடியாது. ஒரு துணுக்கு என்றால் அதைச் சுற்றி ஒரு கொப்புளம். உரித்துப் போட வேண்டியதாயிற்று.

ஆடியில் காற்றோடு புழுதி. சித்திரை, வைகாசியில் காலை எட்டு மணிக்கே பானெட் கை வைக்க முடியாத சூடு, தெளித்த தண்ணீர் தாளை நகர்த்துவதற்குள் காய்ந்துவிடும். இரண்டாவது தடவை கார்த்திகையில் ஒட்டினேன். மூன்று நாள் விடாமல் பெய்து நின்றிருந்தது. தரை ஈரம், மரங்கள் கழுவிவிட்டது போல, காற்றில் ஒரு தூசி இல்லை. ஈரப்பதம் அதிகமாக இருப்பதால் தண்ணீர் சீக்கிரம் காயாது, கற்றுக்குட்டிக்கு அவகாசம் கிடைக்கும். பசை பிடிக்கக் கொஞ்சம் நேரமாகும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். டெல்டாவில் இருப்பவர்களுக்கு மழை விட்ட காலைதான் சரியான நேரம் என்பேன்.

ஆனால் அந்த மாதங்களில் விளக்கு போட்டுக்கொண்டு ராத்திரியில் ஒட்டக் கூடாது. தீபாவளியை ஒட்டி வயலிலிருந்து வரும் பச்சைத் தத்துப்பூச்சி ட்யூப்லைட்டைச் சுற்றி எப்படிக் கொட்டும் என்பது தெரியும்தானே? அத்தனையும் பசையில் போய் ஒட்டும். காலை ஆறரைக்கு ஆரம்பித்துப் பத்தரைக்குள் முடிக்கிற மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

இடத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மேலே தகரமோ ஓட்டுத்தளமோ இருக்க வேண்டும், கீழே சிமெண்ட் தரை. கீற்றுக்கொட்டகை வேண்டாம், உளுத்து உதிர்ந்துகொண்டே இருக்கும். நெல் மூட்டை அடுக்கும் இடம் வேண்டவே வேண்டாம். ஒரு மணி நேரம் முன்னதாகத் தரையிலும் சுவரிலும் தண்ணீர் தெளித்து வையுங்கள், மின்விசிறியை நிறுத்துங்கள். டவல் துணி, கம்பளி இவற்றை உடுத்தக் கூடாது, நூல் உதிரும். வளையல், மோதிரம், கைக்கடிகாரம் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். நான் முடியை இறுக்கிக் கட்டித் துணி சுற்றிக்கொண்டேன். தலையில் பூ வைத்துக்கொண்டு குனிந்தால் ஒரு இதழாவது விழும்.

தண்ணீரைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டும். நீடாமங்கலத்து போர் தண்ணீர் குடிக்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் கருப்புக் காரைக் கழுவிக் காயவிட்டால் வெள்ளைத் திட்டு தெரியும். கடற்கரைப் பக்கம் போகப் போக உப்பு கூடும். தாளுக்கும் பெயின்ட்டுக்கும் நடுவே சிக்கிய தண்ணீர் காய்ந்ததும் அந்த உப்பு உள்ளேயே தங்கிவிடும். பேட்டரிக் கடையில் ஐந்து லிட்டர் கேனில் டிஸ்டில்டு வாட்டர் விற்கிறார்கள். இரண்டு கேன் வாங்கினேன், பத்து லிட்டரில் முக்கால்வாசி செலவாயிற்று. பேட்டரிக்கு ஊற்றும் ஆசிட்டை எடுத்துவிடாமல் லேபிளைப் படித்து வாங்குங்கள். கார் கழுவும் முதல் வேலைக்கு வீட்டுத் தண்ணீர் போதும். தாள் ஒட்டும் வேலைக்குத்தான் இது.

இரண்டு தெளிப்பான் வேண்டும், இரண்டும் புதிதாக இருக்க வேண்டும். வயலுக்கு மருந்து அடித்த ஸ்பிரேயரை எத்தனை தடவை கழுவினாலும் இதற்கு எடுக்காதீர்கள், உள்ளே எண்ணெய்ப் பிசுக்கு இருந்துகொண்டே இருக்கும். முதல் தெளிப்பானில் ஒரு லிட்டர் டிஸ்டில்டு வாட்டருக்கு இரண்டு மில்லி அளவு குழந்தைகளுக்கான ஷாம்பு. இது வழுக்கும் தண்ணீர். தாள் ஒட்டிக்கொள்ளாமல் மிதந்து, நாம் நகர்த்தினால் நகரும். இரண்டாவதில் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் ஒரு பங்கு, டிஸ்டில்டு வாட்டர் நான்கு பங்கு. இது பிடிக்கும் தண்ணீர். தெளித்த இடத்தில் ஷாம்பு வழுவழுப்பை நீக்கிப் பசையைப் பிடிக்க வைக்கும். மருந்துக் கடையில் 70 சதவீத ஆல்கஹால் கிடைக்கும், அதையே கலந்தேன். தெளிக்கும்போது பக்கத்தில் அடுப்போ ஊதுபத்தியோ எரியக் கூடாது. இரண்டு தெளிப்பானிலும் பெரிய எழுத்தில் பெயர் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் மாற்றி எடுத்தால், நகர்த்த வேண்டிய இடத்தில் தாள் அப்படியே பிடித்துக்கொள்ளும்.

மற்றபடி, தண்ணீரை வழித்துத் தள்ள மெத்தென்ற ரப்பர் ஸ்க்வீஜி ஒன்று, விளிம்புக்குச் சின்னக் கடின அட்டை ஒன்று, புது மைக்ரோஃபைபர் துணி நான்கு, பெயின்ட்டில் ஒட்டிய துகளை எடுக்கும் க்ளே பார், ஹேர் டிரையர், ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கூரான பிளேடு கத்தி. ஹீட் கன் இருந்தால் நல்லது, ஆனால் பழகாத கையில் அது தாளை உருக்கிவிடும். நான் ஹேர் டிரையரிலேயே முடித்தேன்.

சுத்தம் செய்வதற்கு ஒரு முழு மாலை ஒதுக்குங்கள். முதல் நாள் ஷாம்பு போட்டுக் கழுவினேன். புதுத் தார் போட்ட சாலையில் ஓடிய கார் என்றால் கதவின் அடிப்பகுதியில் கறுப்புப் பொட்டுகள் இருக்கும். ஊரில் மண்ணெண்ணெய் வைத்துத் துடைப்பார்கள். தார் போய்விடும், எண்ணெய் இருந்துவிடும். தார் ரிமூவர் போட்டு எடுத்து, மறுபடி ஷாம்பு போட்டுக் கழுவுவது நல்லது. பிறகு க்ளே பார். பிசைந்த மைதா மாதிரி இருக்கும் அதை, வழுக்கும் தண்ணீர் தெளித்த பெயின்ட் மேல் அழுத்தாமல் நேர்க்கோட்டில் தேய்க்க வேண்டும். முதலில் சொரசொரவென்று சத்தம் வரும். சத்தம் நின்று கை வழுக்கிக்கொண்டு போனால் அந்த இடம் முடிந்தது. கீழே விழுந்த க்ளேயை எடுத்துத் துடைத்துப் பயன்படுத்த வேண்டாம், ஒரு மணல் துகள் போதும் கோடு இழுக்க. கடைசியாக ஆல்கஹால் கலவையால் ஒரு தடவை துடைப்பு. மெழுகு பாலிஷ் போட்டிருந்தால் இதில்தான் போக வேண்டும். செராமிக் கோட்டிங் என்கிற காப்புப் பூச்சைப் போட நினைப்பவர்கள் அதைத் தாளுக்கு மேலே போட்டுக்கொள்ளலாம், கீழே போட்டால் பசை சரியாகப் பிடிக்காது.

கல் பட்ட புள்ளிகளைத் தாள் மறைக்காது. என் 43 புள்ளிகளுக்கும் குச்சி முனையில் டச்-அப் பெயின்ட் வைத்து ஒரு மாதம் காயவிட்டேன். டிங்கரிங் பார்த்து மறுபெயின்ட் அடித்த பேனல் என்றால் இன்னும் கவனம் வேண்டும். பெயின்ட் நன்றாக இறுகாமல் ஒட்டினால், பின்னால் தாளை உரிக்கும்போது பெயின்ட்டும் சேர்ந்து வந்துவிடும். குறைந்தது ஒரு மாதம் போகட்டும். அடித்த வேலையின் தரத்தில் சந்தேகம் இருந்தால் அந்தப் பேனலை விட்டுவிடுங்கள்.

எனக்குக் கைவேலை சொல்லிக்கொடுத்தது எங்கள் தெருமுனையில் ரேடியம் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் தம்பி. பைக்குக்கும் வேனுக்கும் எழுத்து வெட்டி ஒட்டுகிறவர். பானெட் ஒட்டுகிற நாளில் காலை ஆறு மணிக்கே வந்துவிட்டார். நான் தண்ணீர் தெளித்த விதத்தைப் பார்த்து, “அக்கா, சாமிக்குத் தீர்த்தம் தெளிக்கிற மாதிரி தெளிக்காதீங்க. ஊத்துங்க. தண்ணி இருந்தா தப்பைத் திருத்திக்கலாம்” என்றார். அன்று முழுக்க அதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

பழகுவதற்குக் கைப்பிடிக் குழி நல்ல இடம். நகம் பட்டுக் கீறுகிற சின்ன வட்டக் குழி. அளவாக வெட்டிய துண்டுகளே கிடைக்கின்றன. கையை நனைத்து, தாளின் பின் காகிதத்தை உரித்துக்கொண்டே பசைப்பக்கம் தெளித்து, குழியிலும் தெளித்து, நடுவில் வைத்துக் கட்டை விரலால் நடுவிலிருந்து வெளியே தள்ளுங்கள். ஓரத்தில் சுருக்கம் விழும். விழுந்தால் அந்த ஓரத்தை மட்டும் தூக்கி, பிடிக்கும் தண்ணீர் அடித்து, லேசாக இழுத்துப் படியவையுங்கள். நான்கு குழி ஒட்டி முடிப்பதற்குள் தாள் எவ்வளவு இழுபடும், எப்போது நகரும், எப்போது பிடிக்கும் என்பது விரலுக்குத் தெரிந்துவிடும். கதவு விளிம்புக்கு ஒரு அங்குல நாடா போதும். அதில் வெளிப்பக்கம் பாதி, உள்பக்கம் பாதி மடங்க வேண்டும்.

சக்கரத்துக்குப் பின்னே கதவின் அடிப்பகுதி கிட்டத்தட்டத் தட்டையான இடம், அதனால் சுலபம். உளுந்துச் செடி உரசுவது அங்கேதான். அடியிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு ஒட்டினேன்.

இனி பானெட். பாதி பானெட்டுக்கு மட்டும் ஒட்டுவதும் உண்டு. அப்படிச் செய்தால் நடுவில் தாளின் விளிம்பு கோடாகத் தெரியும், அந்தக் கோட்டில் அழுக்கு சேரும். என் காரின் சிவப்பில் அது நன்றாகவே தெரியும் என்பதால் முழுதும் ஒட்டினேன்.

வெட்டுவதைக் காருக்கு வெளியே வைத்துக்கொண்டேன். பழுப்புக் காகிதத்தை பானெட் மேல் விரித்து, ஓரங்களை விரலால் அழுத்தி மடிப்பு விழ வைத்து, அந்த மடிப்புக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் விட்டு வரைந்தேன். அதை மாதிரியாக வைத்து மேசை மேல் தாளை வெட்டினேன். கார் மேல் வைத்துக் கத்தி போட்டால் பெயின்ட்டில் விழுந்த கோடு தாளுக்கு அடியில் நிரந்தரமாக இருக்கும், முதலில் தெரியாது, பிறகு அங்கே துரு தெரியும். பிளேடை அடிக்கடி ஒடித்துப் புது முனை எடுங்கள். மழுங்கிய பிளேடு தாளின் விளிம்பைப் பிய்க்கும், பிய்ந்த விளிம்பில்தான் பின்னால் தாள் எழும்பும்.

பானெட்டைக் கையின் பின்பக்கத்தால் தொட்டுப் பாருங்கள், குளிர்ச்சியாக இருக்க வேண்டும். எஞ்சின் முதல் நாள் மாலையிலிருந்தே ஓடியிருக்கக் கூடாது. ஒட்டுவதற்குச் சற்று முன் பானெட் முழுக்க வழுக்கும் தண்ணீர் தெளித்து, ஸ்க்வீஜியால் ஒரு தடவை வழித்து, மறுபடி தெளித்தேன். கடைசி நிமிடத்தில் உட்கார்ந்த தூசி அதில் போய்விடும்.

தாளை உரிக்க இரண்டு பேர் வேண்டும். பின் காகிதத்தை வேகமாக இழுத்தால் மின்னூட்டம் ஏறி, சுற்றியிருக்கும் தூசியை எல்லாம் தாள் இழுத்துக்கொள்ளும். தம்பி இரண்டு மூலையைப் பிடிக்க, நான் ஒரு கையால் மெல்ல உரித்துக்கொண்டே மறுகையால் பசைப்பக்கம் தெளித்துக்கொண்டே போனேன். இந்த நேரத்தில் தாள் தன்மேலேயே மடிந்து ஒட்டிக்கொண்டால் பதற வேண்டாம். நன்றாகத் தண்ணீர் அடித்து, ஒரு பக்கத்திலிருந்து மெல்லப் பிரித்தால் வந்துவிடும். இழுத்துப் பிய்த்தால்தான் பசையில் கோடு விழும்.

நனைந்த தாளை நனைந்த பானெட் மேல் இறக்கி, மிதக்கவிட்டு, நான்கு ஓரமும் சமமாக வரும்படி நகர்த்துங்கள். இதில் பத்து நிமிடம் போனாலும் பரவாயில்லை. தாளின் மேல்பக்கத்திலும் தெளியுங்கள், இல்லாவிட்டால் ஸ்க்வீஜி இழுத்துப் பிடிக்கும். சரியான இடத்துக்கு வந்ததும், கண்ணாடிப் பக்க ஓரத்தை மட்டும் ஒரு சாண் தூக்கி, பிடிக்கும் தண்ணீர் அடித்து, ஸ்க்வீஜியால் அழுத்தி, இரண்டு நிமிடம் விட்டோம். அந்த ஓரம் நங்கூரம் மாதிரி. பிறகு முன்பக்க ஓரத்தை இரண்டு பேரும் பிடித்து லேசாக இழுத்தோம், சுருக்கம் போகிற அளவுக்கு மட்டும். ரொம்ப இழுத்தால் தாள் மெலியும், பின்னால் சுருங்கி ஓரம் எழும்பும்.

ஸ்க்வீஜியை நடுவிலிருந்து ஓரத்துக்கு, ஒவ்வொரு இழுப்பும் முந்தைய இழுப்பில் பாதியை மூடும்படி ஓட்டுங்கள். இடைவெளி விட்டால் அந்தக் கோட்டில் தண்ணீர் நின்றுவிடும். முதல் சுற்றில் மென்மையாக, இரண்டாவது சுற்றில் அழுத்தி. நடுவில் ஒரு தூசி தெரிந்தால் உடனே நிறுத்தி, பக்கத்து ஓரத்திலிருந்து அந்த இடம் வரை தாளைத் தூக்கி, தண்ணீரை வேகமாக அடித்து வெளியேற்றுங்கள். முழுதும் வழித்த பிறகு பார்த்தால் வாய்ப்பு போய்விடும். எனக்கு இரண்டு இடத்தில் தூக்க வேண்டி வந்தது. ஒன்று ஒரு முடி. மற்றொன்று என்னவென்று தெரியவில்லை, தண்ணீரோடு போய்விட்டது.

வளைவில் விரல் விரலாக மடிப்பு எழும். மடிப்பை நேராக அழுத்தினால் அது கோடாகவே நின்றுவிடும். தாளைத் தூக்கி, வழுக்கும் தண்ணீர் போதாமல் இருந்தால் அடித்து, மடிப்பு போகிற திசைக்குக் குறுக்கே இழுத்து, பிறகு பிடிக்கும் தண்ணீர் அடித்து உட்கார வையுங்கள். முன் மூலைகள் இரண்டிலும் எங்களுக்கு அரை மணி நேரம் போயிற்று. “அக்கா, மூலையை நாளைக்குப் பாத்துக்கலாம்னு விட்டா அது நாளைக்கும் அப்படியேதான் இருக்கும்” என்று சொல்லிச் சொல்லி, நான்கு தடவை தூக்கி ஒட்டினார்.

ஓரத்தை உள்ளே மடிக்கும் வேலைக்குப் பொறுமை வேண்டும். ஈரமாக இருக்கும்வரை மடித்த ஓரம் நிற்காது, எழும்பிக்கொண்டே வரும். முதலில் அந்த ஓரத்துத் தண்ணீரைத் துணி சுற்றிய கடின அட்டையால் வழித்து எடுத்து, கால் மணி நேரம் விட்டு, ஹேர் டிரையரை ஒரு சாண் தள்ளி வைத்து ஆட்டிக்கொண்டே லேசான சூடு காட்டி, பிறகு மடித்து விரலால் அரை நிமிடம் அழுத்திப் பிடியுங்கள். ஈரப்பதம் மிகுந்த கார்த்திகையில் இந்த இடத்தில்தான் நேரம் போகும். எங்களுக்கு மதியம் ஒரு மணி ஆயிற்று. பத்தரைக்கு முடிப்பதாகப் போட்ட கணக்கு ஓரங்களில் உடைந்தது. நிழல் இருந்ததால் தப்பித்தோம்.

முடித்ததும் பானெட்டைப் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். பால் தெளித்த மாதிரி மங்கல், ஆங்காங்கே சின்னத் தண்ணீர்க் குமிழ்கள். முதல் ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அவை தண்ணீர், தாள் வழியாக மெல்ல வெளியேறிவிடும். வெயில் பட்டால் சீக்கிரம் போகும். இரண்டு, மூன்று வாரம் வரை தொடாமல் விடுங்கள். விரலால் அழுத்தினால் நகரும் குமிழ் தண்ணீர். அழுத்தினால் அமுங்கி மறுபடி எழுவது காற்று. அதற்கு மட்டும் மெல்லிய ஊசியால் சாய்வாக ஒரு குத்து குத்தி, விரலால் அந்தத் துளையை நோக்கித் தள்ளுங்கள். உள்ளே கடினமாகத் தட்டுப்பட்டால் அது தூசி. அதை ஒன்றும் செய்ய முடியாது. என் பானெட்டில் இடப்பக்கம் ஒன்று இருக்கிறது, அது எனக்குத்தான் தெரியும்.

முதல் இரண்டு நாள் காரை வேகமாக ஓட்டவில்லை. ஒரு வாரம் கழுவவில்லை. தினமும் காலையில் ஓரங்களை மட்டும் விரலால் தடவிப் பார்த்தேன். நான்காம் நாள் ஒரு மூலை எழும்பியிருந்தது. பிடிக்கும் தண்ணீர் ஒரு சொட்டு, கொஞ்சம் சூடு, ஒரு நிமிட அழுத்தம், உட்கார்ந்துவிட்டது. அதை அப்படியே விட்டிருந்தால் மண் புகுந்து பசை செத்திருக்கும். வாட்டர் சர்வீஸுக்குக் கொடுக்கும்போது பிரஷர் கன்னை ஓரத்துக்கு நேராகக் காட்ட வேண்டாம், ஒரு முழம் தள்ளிப் பிடிக்கச் சொல்லுங்கள். அவர்கள் கேட்பார்கள், நாம் பக்கத்தில் நின்றால்.

தாள் ஒட்டியாயிற்று என்று பறவை எச்சத்தை விட்டுவிடக் கூடாது. மேல்பூச்சையும் அது கறையாக்கும். ஈரத் துணியை அதன் மேல் போட்டு ஊறவிட்டு எடுங்கள், சுரண்ட வேண்டாம்.

ஆயுத பூஜைக்கு அம்மா வழக்கம் போல பானெட் நடுவில் மஞ்சளும் சந்தனமும் குழைத்துப் பெரிய பொட்டு வைக்க வந்தார்கள். தாளில் மஞ்சள் இறங்கினால் கழுவினாலும் லேசில் போகாது. கடைசியில் பொட்டைக் கண்ணாடியின் மேல் மூலையிலும் நம்பர் பிளேட்டிலும் வைத்தோம், மாலையைக் கம்பி இல்லாத நூலில் கட்டினோம். அதற்குள் பக்கத்து வீட்டுப் பாப்பா ஓடி வந்து பானெட்டில் ஒரு விரல் மஞ்சள் வைத்துவிட்டாள். உடனே துடைத்தும் மெல்லிய சாயல் இருந்தது. வெயிலில் நிறுத்தி நிறுத்தி எடுத்தேன், மஞ்சளின் நிறம் வெயிலில் வெளுக்கும். பதினைந்து நாளில் அந்த இடம் தெரியாமல் போயிற்று.